பாளையங்கோட்டையில் ஒரு குழந்தை மனநல ஆலோசனை மையம்: 14 சனிக்கிழமைகள்

போன மார்கழியில், அரையாண்டு லீவு விட்ட நாலாம் நாள், என் மகள் மேல் வெந்நீர் கொட்டிவிட்டது. பானையைத் தூக்கிக்கொண்டு வந்தது நான்தான். அடுப்படியிலிருந்து குளியலறைக்குப் போகிற வழியில், தம்பியைத் துரத்திக்கொண்டு ஓடி வந்தவள் என் இடுப்பில் வந்து மோதினாள். இடது கை முழுவதும், தோள், கழுத்தில் ஒரு பக்கம், நெஞ்சில் கொஞ்சம். உடம்பில் 14 சதவீதம் என்று சீட்டில் எழுதினார்கள். 23 நாள் ஆஸ்பத்திரி. தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்தார்கள். அவளுக்கு அப்போது 8 வயது.

உடம்புக்கான வைத்தியத்தைப் பற்றி நான் எழுத வரவில்லை. அதைச் செய்தவர்கள் நன்றாகவே செய்தார்கள். ஆனால் காயம் ஆறி வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளையின் மனசுக்கு என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தட்டுத்தடுமாறி, ஒரு தப்பான இடத்துக்கும் போய்விட்டு, கடைசியில் பாளையங்கோட்டையில் ஓர் ஆலோசனை மையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த மையத்தைப் பற்றித்தான் இது. அதன் பெயரையும் அங்கே சிகிச்சை கொடுக்கிற மேடத்தின் பெயரையும் எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் இந்தப் பிள்ளை யார் என்று கண்டுபிடிக்க அந்தப் பெயரே போதும். நாளைக்கு அவள் பெரியவளாகும்போது இது அவளைத் துரத்தக் கூடாது. வீட்டில் கூப்பிடுவது போல பாப்பா என்றே எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்த முதல் காலையில் குக்கர் விசில் அடித்ததும் பாப்பா கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள். அடுப்படிப் பக்கம் வரவே மாட்டாள். சோற்றைக்கூட விரலால் தொட்டுப் பார்த்து, நன்றாக ஆறிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் வாயில் வைப்பாள். குளிக்கக் கூப்பிட்டால் அழுகை. ஈரத்துணியால் துடைத்துத்தான் விட்டேன். மூன்று வயதிலேயே நின்றுபோன பழக்கம், ராத்திரி படுக்கையை நனைப்பது, திரும்ப வந்துவிட்டது. என் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவாள். பீரோக் கண்ணாடி மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டிருந்தாள். நாங்கள் எடுத்தால் அடுத்த நிமிஷம் மறுபடி தொங்கும்.

எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: சின்னப் பிள்ளை, வளர வளர மறந்திரும். என் மாமியார் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு போட்டார்கள், பள்ளிவாசலில் ஓதிக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அதில் ஓர் ஆறுதல், பாப்பாவுக்கும் ஆச்சி மடியில் கொஞ்ச நேரம் உட்காரக் கிடைத்தது. மருந்துக்கடையில் தூங்குவதற்கு ஒரு மருந்து தரவா என்று கேட்டார்கள், அதை மட்டும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். பின்னால் இதை மேடத்திடம் சொன்னபோது, நல்ல வேளை என்றார். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு முதல் மாதத்தில் பிள்ளைகளுக்கு பென்சோடயசபின் வகைத் தூக்க மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறதாம்.

அந்தத் தப்பான இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் ஒருவர் சொல்லி ஓர் ஆலோசகரிடம் போனோம். உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, "அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லு பாப்போம்" என்று பாப்பாவிடம் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ ரெண்டு வார்த்தை சொல்லி நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மூன்றாவது தடவையும் கேட்டார். கடைசியில், "நீ புலிக்குட்டி இல்லையா, இனிமே பயப்படக் கூடாது" என்று கை குலுக்கி அனுப்பினார். அன்று ராத்திரி இரண்டு தடவை படுக்கை நனைந்தது. அப்புறம் ஒரு வாரம் அவள் தம்பியோடுகூடப் பேசவில்லை.

பாளை மையத்தைச் சொன்னது, கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பிசியோதெரபிஸ்ட். கூப்பிட்டு நேரம் கேட்டால் ஐந்து வாரம் கழித்துத்தான் கிடைத்தது. இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்க்க அந்த மையத்தில் மேடம் ஒருவர்தான். அந்த ஐந்து வாரம் எங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, இது அந்த இடத்தின் பெரிய குறை என்றே சொல்வேன். காத்திருக்கிற பெற்றோருக்கு ஒரு பக்கத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தாலும் போதும், அதுகூட இல்லை.

நாங்கள் அம்பாசமுத்திரம் பக்கம். காலையில் செங்கோட்டையிலிருந்து வருகிற பாசஞ்சரைப் பிடித்தால் திருநெல்வேலி ஜங்ஷன். அங்கிருந்து பாளைக்கு டவுன் பஸ், அதில் எனக்கு டிக்கெட் இல்லை. மையம் இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. அதே மாடியில் ஒரு பல் கிளினிக்கும் இருக்கிறது, காத்திருக்கிற வராந்தா ரெண்டுக்கும் பொது. முதல் நாள் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது உள்ளே பல் துளைக்கிற மெஷின் சத்தம், கூடவே ஒரு பையனின் அலறல். பாப்பா எழுந்து மாடிப்படியில் பாதி இறங்கிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடி, படியிலேயே அவளோடு உட்கார்ந்துவிட்டேன். மேடம் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, கூப்பிடவில்லை. அவரும் வந்து எங்களுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தார். அந்த முதல் 20 நிமிஷம் மாடிப்படியிலேயே போனது.

உள்ளே போனதும் அவர் பாப்பாவிடம் பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான். "இங்க ஊசி கிடையாது. கட்டுப் பிரிக்க மாட்டேன். அன்னைக்கு நடந்ததை இன்னைக்கு நான் கேட்க மாட்டேன். நான் பேசறது பிடிக்கலைன்னா இந்த அட்டையைத் தூக்கு, நிறுத்திருவேன்." ஒரு சிவப்பு அட்டையைக் கையில் கொடுத்தார். பாப்பா உடனே தூக்கினாள். மேடம் பாதி வார்த்தையில் நிறுத்தினார். கீழே இறக்கினாள், மறுபடி பேச்சு. மறுபடி தூக்கினாள். இப்படியே ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் மேடம் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார். ஒன்பதாவது தடவை பாப்பா லேசாகச் சிரித்தாள். மார்கழிக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

அதே நாளில் ஒரு தவறும் நடந்தது. விளையாட்டுச் சாமான்களில் ஒரு குட்டி அடுப்பும் கெண்டியும் கிடந்தன. அதைப் பார்த்ததும் பாப்பாவுக்கு உடம்பு விறைத்துவிட்டது. மேடம் சால்ஜாப்பு சொல்லவில்லை. "இதை நான் முன்னாடியே எடுத்து வச்சிருக்கணும், என் தப்பு, மன்னிச்சுக்கோ" என்று பிள்ளையிடமே சொல்லிவிட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை பாப்பா கையில் கொடுத்தார். ஏழாவது வாரம் அந்த அலமாரியைத் திறந்தது பாப்பாதான்.

ஒரு மணி நேரத்தில் முக்கால் பங்கு பிள்ளையோடு, மீதி என்னோடு. என்னிடம் அவர் முதலில் விளக்கியது இதுதான். பெரிய காயம் பட்ட பிள்ளைக்குத் திடுக்கிடுவது, கெட்ட கனவு, ஒட்டிக்கொண்டே திரிவது, கோபம், சின்னப்பிள்ளைப் பழக்கங்கள் திரும்புவது எல்லாம் முதல் சில வாரம் வருவது சகஜம். நிறையப் பிள்ளைகளுக்கு வீட்டார் அணைப்பிலேயே குறைந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் குறையாமல், சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அது பிடித்துக்கொண்டால்தான் சிகிச்சை வேண்டும். அதற்குப் பெயர் பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பிறகு வருகிற மன அழுத்தக் கோளாறு, பெரியவர்களுக்கு வருவது போலவே பிள்ளைகளுக்கும் வரும். அவர் செய்கிற முறைக்கு டிராமா ஃபோகஸ்டு சிபிடி (அதிர்ச்சியை மையமாக வைத்துச் செய்கிற பேச்சு சிகிச்சை) என்று பெயர், பொதுவாக 12 முதல் 16 வாரம் ஆகும், முதலில் பயத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொடுத்த பிறகுதான் நடந்ததைப் பற்றிப் பேசுவோம் என்றார். முன்னால் போன இடத்தில் தலைகீழாக நடந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "கட்டு மாத்தும்போது அவகிட்ட என்ன சொல்லுவீங்க?" வேறென்ன, வலிக்காதுடா செல்லம், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் என்று சொல்வோம். நர்ஸம்மாவும் அதைத்தான் சொன்னார்கள், நானும் அவள் அப்பாவும் சொன்னோம். 23 நாளும் சொன்னோம். ஒவ்வொரு தடவையும் வலித்தது. "அப்ப, சோறு ஆறிருச்சுன்னு நீங்க சொன்னா அவ எப்படி நம்புவா?" என்று மேடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். எனக்கு அந்தத் தட்டும் அவள் விரலும் கண்ணுக்குள் வந்து நின்றன. அவ்வளவு நாளும் அதைப் பயம் என்று நினைத்திருந்தேன். எங்கள் பேச்சில் நம்பிக்கை இல்லாமல்தான் ஒவ்வொன்றையும் தானே தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

அன்றிலிருந்து வீட்டில் வலிக்காது என்ற வார்த்தையை நிறுத்தினோம். தழும்பு இறுகாமல் இருக்க முழங்கையை நீட்டி மடக்கும் பயிற்சி தினமும் உண்டு. "இழுக்கும். கொஞ்சம் வலிக்கும். பத்து எண்ணுவேன், பத்துல விட்டுருவேன்" என்று சொல்லிவிட்டு எண்ண வேண்டும். பத்து என்றால் பத்து, இன்னொரு தடவைக்காகப் பதினொன்று போகக் கூடாது. எந்த நேரத்தில் செய்வது, நின்றுகொண்டா உட்கார்ந்தா, எண்ணுவது நானா அவளா என்பதெல்லாம் அவள் முடிவு. செய்யலாமா வேண்டாமா என்பது மட்டும் அவள் முடிவில்லை. மூன்றாவது வாரம் அவளே எண்ண ஆரம்பித்தாள்.

நான் தையல்காரி. அதனால் மேடம் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்: துணியில் ஒரு பொம்மை தைத்துக்கொண்டு வரச் சொன்னார், பாப்பா உயரத்தில் பாதி இருக்கட்டும் என்றார். தீக்காயத் தழும்பு மேடு கட்டாமல் இருக்க பாப்பா இறுக்கமான ஒரு எலாஸ்டிக் சட்டை போட வேண்டும். ஒரு நாளில் 23 மணி நேரம், குளிக்கவும் கிரீம் தடவவும் மட்டும்தான் கழற்றலாம். சித்திரை வெயிலில் அது என்ன பாடு என்று பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். அந்தச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். மடிப்பும் தையலும் உடம்பில் உரசாமல் வெளிப்பக்கமாக வைத்திருப்பார்கள். நாலு பக்கமும் இழுபடுகிற துணி. பழைய சட்டை தளர்ந்துபோய் மாற்றியபோது அதன் கையை வெட்டி, அதே மாதிரித் தையலை வெளியே வைத்து, பொம்மைக்கும் ஒரு நீலச் சட்டை தைத்தேன். நீலம் பாப்பா கேட்ட நிறம்.

அந்தப் பொம்மைக்கு பாப்பா கட்டு மாற்றியதை கதவு ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். மேடம் பஞ்சும் துணிச்சுருளும் கொடுத்திருந்தார். முதல் இரண்டு வாரம் பாப்பா பொம்மையை அடித்தாள், கையைப் பிடித்து முறுக்கினாள், கட்டை வெடுக்கென்று பிய்த்தாள். என்னால் தாங்க முடியவில்லை, எழுந்து தடுக்கப் போனேன். மேடம் கண்ணாலேயே உட்காரச் சொன்னார். நாலாவது வாரம் பாப்பா பொம்மையை மடியில் வைத்து, குனிந்து அதன் காதில் பேசினாள்: "வலிக்கும். நான் சொல்லிட்டுத்தான் எடுப்பேன். நீ அழுதா அழுதுக்கோ. நிப்பாட்டுன்னு சொன்னா நிப்பாட்டுவேன்." கட்டை ஒரு சுற்று பிரித்தாள், நிறுத்தினாள், பொம்மையின் முகத்தைப் பார்த்தாள், அடுத்த சுற்று. 23 நாளில் ஒரு பெரியவர்கூட அவளிடம் அப்படிப் பேசவில்லை. தனக்கு வேண்டியிருந்ததை அந்தப் பொம்மைக்குக் கொடுத்தாள்.

பயத்துக்கு மார்க் போடப் பழக்கினார். பயமே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. வயிற்றின் மேல் காகிதக் கப்பலை வைத்து மூச்சு இழுத்து விடப் பழக்கினார்; கப்பல் ஏறி இறங்க வேண்டும். அப்புறம் ஒரு ஏணி வரைந்தார்கள். எந்தப் படியில் எதை எழுதுவது என்று பாப்பாதான் சொன்னாள். கடைசிப் படியில், பத்து மார்க் பயத்துக்கு நேரே, "வெந்நீர்ல குளிக்கது" என்று எழுதினாள். கீழ்ப் படியில், அறையின் மறு மூலையில் டீ ஆவி பறப்பதைப் பார்ப்பது. அதற்கு மேல், செல்போனில் பதிந்த குக்கர் விசிலைக் குறைந்த சத்தத்தில் கேட்பது. அடுப்படி வாசலில் நிற்பது. உள்ளே வந்து தம்ளர் எடுப்பது. ஒரு படியில் பயம் பாதியாகக் குறைகிற வரை அங்கேயே இருக்க வேண்டும், மேலே ஏற அவசரம் கிடையாது. விசில் படியிலேயே மூன்று வாரம் நின்றோம்.

வெந்நீர்ப் படிக்கு வந்தபோது மேடம் என்னிடம், வீட்டில் குளிக்கத் தண்ணீர் யார் விளாவுவது என்று கேட்டார். நான்தான், எப்போதும். "இனிமே அவ விளாவட்டும்" என்றார். முதலில் வாளியில் முக்கால் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர், அதையும் நான் அடுப்படியிலிருந்து தூக்கி வரக் கூடாது. ஹீட்டர் குழாயிலிருந்து அந்த இடத்திலேயே பிடிக்க வேண்டும். (கடன் வாங்கி அந்த ஹீட்டரை மாட்டினோம்.) அவள் வலது கை விரலை விட்டுப் பார்த்து, போதும் என்று சொன்னால் போதும். அவள் சொல்வதற்கு மேல் ஒரு சொட்டு விழக் கூடாது. ஜூன் இரண்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கப்பில் கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் ஊற்றி, கையை விட்டுக் கலக்கி, ஊற்றி, கலக்கி, கால் மணி நேரம் விளாவினாள். அது கிட்டத்தட்டப் பச்சைத் தண்ணீர்தான். ஆனால் தலையோடு ஊற்றிக் குளித்தாள். ஏணியில் அந்தப் படிக்குப் பக்கத்தில் 4 என்று எழுதினாள்.

ஒன்பதாவது வாரத்திலிருந்து ஒரு நோட்டில் அன்று நடந்ததை எழுத ஆரம்பித்திருந்தாள். ஒரு பக்கம் படம், ஒரு பக்கம் எழுத்து, வாரத்துக்கு இரண்டு பக்கம். அதை அவள் எனக்கு வாசித்துக் காட்டுகிற நாளுக்கு முந்தின வாரம் மேடம் என்னைத் தனியாகத் தயார் பண்ணினார். அழுகை வந்தால் அழலாம், ஆனால் பிள்ளை என்னைத் தேற்றுகிற நிலைமை வரக் கூடாது. அப்படியெல்லாம் சொல்லாதே என்று வாயை அடைக்கக் கூடாது. முழுக்கக் கேட்க வேண்டும்.

பாப்பா வாசித்தாள். தம்பி, ஓட்டம், பானை, ஆட்டோ, ஆஸ்பத்திரி லைட். கடைசிப் பக்கத்தில், "நான் ஓடி வந்ததால அம்மா அழுதுகிட்டே இருக்காங்க" என்று எழுதியிருந்தாள். ஐந்து மாதம் நான் என்னால்தான் என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன், அவள் அவளால்தான் என்று. ஒரே பாயில் படுத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்திருக்கிறோம். மேடம் சொல்லிக்கொடுத்தபடிதான் பேசினேன், குரல் நடுங்கினாலும் நிறுத்தவில்லை: "நீ ஓடினது தப்பில்ல. பிள்ளைங்க ஓடத்தான் செய்யும். சூட்டுப் பானையைத் தூக்கிட்டு நடக்காம இருக்க வேண்டியது பெரியவங்க வேலை. அதை நான் மாத்திட்டேன்." அவள் நோட்டை வாங்கி, அந்தக் கடைசி வரியை ரப்பரால் அழித்தாள். அழித்த இடம் இன்னும் தெரிகிறது.

என்னையும் மேடம் விடவில்லை. தூங்குகிறேனா, மெஷினில் உட்கார முடிகிறதா என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். முடியவில்லை. பெடலை மிதித்தால் அன்று கேட்ட சத்தம் கேட்கும், கண்ணை மூடினால் பானை. பிள்ளைக்கு அடிபட்டால் தாய் தகப்பனுக்கும் இதே பாதிப்பு வரும், தாய் தேறினால்தான் பிள்ளை வேகமாகத் தேறும் என்றார். தனக்கு நேரம் இல்லாததால் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். ராத்திரியில் தாங்க முடியாவிட்டால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடச் சொன்னார். டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் இலவசச் சேவை, 24 மணி நேரமும், தமிழிலேயே பேசுகிறார்கள். ஒரு ராத்திரி 11 மணிக்கு மேல், மாடியில் துணி காயப்போடுகிற இடத்தில் நின்று கூப்பிட்டேன். ஒரு பெண் பேசினார். 40 நிமிஷம் நான் பேசியதைக் கேட்டார். அடுத்த நாள் முதல் தடவையாக ஒரு பிளவுஸை முழுசாகத் தைத்து முடித்தேன்.

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர் இதைப் பற்றிப் பேசவே மாட்டார், பாப்பாவின் கையைப் பார்க்கவும் மாட்டார். இரண்டு வாரமாவது அவரும் வர வேண்டும் என்று மேடம் பிடிவாதமாகச் சொல்லி வரவழைத்தார். அதற்குப் பிறகு ராத்திரி கிரீம் தடவுவது அவர் வேலையாயிற்று. சின்னவனையும் ஒரு வாரம் கூட்டிவரச் சொன்னார். தான் ஓடினதால்தான் அக்காவுக்குக் காயம் என்று ஐந்து வயதுப் பிள்ளை அவனும் மனசுக்குள் வைத்திருந்தான்.

படுக்கையை நனைப்பதைப் பற்றி மேடம் சொன்னது சின்ன விஷயம்தான், ஆனால் உடனே பலித்தது: திட்டாதீர்கள், மற்றவர் முன்னால் சொல்லாதீர்கள், பயந்த பிள்ளைகளுக்கு இது வரும், போகும் என்று அவளிடம் சொல்லுங்கள். ராத்திரியே விரிப்பு மாற்றுவதற்கு ஒன்றை மடித்துத் தலைமாட்டில் வைத்தோம். மே மாதத்தில் நின்றுவிட்டது.

பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் பயந்ததைவிட பஸ்ஸில்தான் கஷ்டம். கழுத்துத் தழும்பும் நீலச் சட்டையும் தெரியும். யாராவது ஒரு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பொட்டப்பிள்ளல்லா, இப்படி ஆயிப்போச்சே, நாளைக்கு எப்படிக் கரையேத்தப் போறீங்க" என்று கேட்காத நாள் இல்லை. பிள்ளை காதில் விழும்படி. அவர்கள் இரக்கப்பட்டுத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்தும் எனக்கு நெஞ்சு எரியும். மேடம் இதற்கென்றே இரண்டு வாரம் ஒதுக்கினார். பாப்பாவே ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்தாள்: "வெந்நீர் பட்டுருச்சு. இப்ப பரவால்ல. இந்தச் சட்டை தழும்பு பெருசாகாம இருக்கதுக்கு." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும், மேற்கொண்டு பதில் சொல்லக் கடமை கிடையாது. மேடம் பஸ்காரம்மாவாக நடிப்பார், பாப்பா பதில் சொல்வாள். எங்கள் அனுமதி வாங்கிக்கொண்டு வகுப்பு டீச்சரிடமும் போனில் பேசினார்: பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், பாப்பாவை எழுப்பி நிறுத்திக் காட்டக் கூடாது, அரிப்பு எடுத்தால் வெளியே போய்வர விட வேண்டும். ஜூனில் நாலாம் வகுப்பு போனாள். முதல் வாரம் அரை நாள் மட்டும்.

செலவைச் சொல்கிறேன். ஒரு தடவைக்கு 600 ரூபாய், 14 தடவைக்கு 8,400. கொடுக்க முடியாதவர்களுக்குக் குறைப்பார்கள், நாங்கள் ஒரு மாதம் பாதிதான் கொடுத்தோம், முகம் சுளிக்கவில்லை. 2017இல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடம்புக்கு இருப்பது போலவே மனநல சிகிச்சைக்கும் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் எங்கள் பாலிசி ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும், இப்படிப் போய்வருவதற்குத் தராது. முதல் நாள் நிரப்பச் சொன்ன படிவம் முழுக்க இங்கிலீஷில் இருந்தது. மேடம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொன்னார். அதைத் தமிழில் அச்சடித்து வைக்கலாமே என்று கடைசி நாள் சொல்லிவிட்டு வந்தேன். பல் கிளினிக் சத்தத்துக்கும் ஒரு வழி பண்ணச் சொன்னேன்.

வேறு ஊரில் இருப்பவர்கள் இந்த மாதிரி இடம் தேடினால், சிகிச்சை கொடுப்பவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிந்த எண் இருக்கும், அதைக் கேளுங்கள்; கேட்பதில் தப்பே இல்லை. எங்கள் மேடம் அதைச் சுவரில் மாட்டியிருந்தார். அதோடு, முதல் நாளே பிள்ளையை நடந்ததைச் சொல்லச் சொல்வாரா, உங்களோடு தனியாகப் பேச நேரம் ஒதுக்குவாரா என்பதையும் கேளுங்கள்.

பாப்பா இப்போது பீரோக் கண்ணாடியில் துண்டு போடுவதில்லை. குக்கர் விசிலுக்கு இன்னும் தோள் குலுங்கும், ஆனால் எழுந்து ஓடுவதில்லை. சோற்றை விரலால் தொட்டுப் பார்ப்பது சில நாள் உண்டு. அப்போது நான் ஆறிருச்சு என்று சொல்வதில்லை, அவள் பார்க்கட்டும் என்று காத்திருப்பேன். பொம்மை அவள் தலைமாட்டில்தான் படுக்கிறது. அதன் சட்டையும் தளர்ந்துவிட்டது, வேறு தைக்கச் சொல்லியிருக்கிறாள்.

மார்கழி திரும்ப வருகிறது. அந்தத் தேதி நெருங்கும்போது பழைய பயம் கொஞ்சம் எட்டிப்பார்க்கலாம், அதைக் கண்டு எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைக்காதீர்கள் என்று மேடம் முன்னாலேயே சொல்லியிருக்கிறார். டிசம்பர் மூன்றாவது சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டோம். 10 மணி கேட்டு வாங்கினோம், பல் கிளினிக் 11 மணிக்குத்தான் திறப்பார்கள்.